பன்னிரண்டாவது ஊசி

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போய் வந்தது.
திரை மட்டும் வேறொன்றாக வந்தது:
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்றெண்பது.
ஐகான்கள் இட்லித்தட்டு அளவு.
எடைப்பெட்டியின் கீழ்ப்பாதி
மேசைக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது.
சேவ் பொத்தான் அங்கேதான் இருக்கிறது.
அதை அழுத்தாமல் சீட்டு வராது,
சீட்டு வராமல்
எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த லாரியும்
என் மேடையைவிட்டு இறங்காது.

முதல் லாரி ஹாரன் அடித்தது.
பின்னால் நின்றது
எதற்கென்று தெரியாமலே அடித்தது.

நாகூர் கனிக்குப் போன் போட்டேன்.
பழைய வண்ணாரப்பேட்டையில் தூங்கிக்கொண்டிருந்தான்.
காசும் வேணாம் சார் வைரஸும் வராது என்று
முதலாளிக்கு லினக்ஸ் போட்டுத் தந்தவன் அவன்தான்.
"ஆல்ட்டை அழுத்திக்கோ செலின்.
விண்டோவை எங்க வேணா புடிச்சி மேல இழு."
இழுத்தேன்.
தலைப்பு உச்சிக்கு மேலே போய் மறைந்தது,
பொத்தான் எட்டிப் பார்த்தது.
ஒரு சீட்டு.
மறுபடி இழு. இன்னொரு சீட்டு.
பாதியில் சிக்கிய ஷட்டரைத்
தூக்கித் தூக்கி வியாபாரம் பார்ப்பதுபோல்
ஏழு லாரி.

பிறகு டெர்மினலைத் திறக்கச் சொன்னான்,
எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கொட்டாவி விட்டான்.
"அடையாளம் தெரியாத திரை" என்கிறது அது.
மூன்று வருடமாக ஒரே மேசையில்
முகத்துக்கு முகம் இருக்கிற திரை.

சி, வி, டி அடித்து
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு கேட்டால்
அறுபத்தெட்டு தருகிறது.
"எட்டால வகுபடணும் அதுக்கு. ரெண்டு புள்ளிதானே, விடு."
அவனுக்கு ரெண்டுதானே.
இருபது கிலோ வித்தியாசத்துக்குச்
சட்டையைப் பிடித்துக்கொள்கிறவர்களை
வாரம் ஒருமுறை பார்க்கிறவள் நான்.
மனசில்லாமல் எண்டர் தட்டினேன்.

இருட்டு.
இருட்டில் ஒரு நீலக் கட்டம் மட்டும்
வரம்புக்கு வெளியே, வரம்புக்கு வெளியே என்று
மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு அலைந்தது.

"ஒயரைப் புடுங்கிப் பாரு."
மூன்று வரிசையில் பதினைந்து ஊசி.
எண்ணினால் பதினாலு.
"ஒம்பதாவது பொறக்கும்போதே கிடையாது. பயப்படாத."
பன்னிரண்டாவதில் பச்சை பூத்திருந்தது.
கடல் இங்கிருந்து நூறடி.
ஜன்னல் கம்பியைத் தின்றது,
கல்லாப்பெட்டியின் பூட்டைத் தின்றது,
போன மழையில் என் சைக்கிள் மணியின் நாக்கை.
"அந்த ஊசி வழியாத்தான் திரை தன் பேரைச் சொல்லும்.
பேரு வரலன்னா
எதுக்கு வம்புன்னு இருக்கறதுலயே சின்ன அளவைக் குடுத்துடும்."

துப்பட்டாவின் ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன்.
பச்சை, பிறகு கறுப்பு,
பிறகு கொஞ்சம் மஞ்சள்.
செருகித் திருகினேன்.

சொல்லிவிட்டது.
பேர், கம்பெனி,
எந்த வருடம் எத்தனையாவது வாரம் பிறந்தது என்பதுவரை.
அறுபத்தாறு. அறுபத்தெட்டில்லை.
எல்லாம் சிறுத்து, கூர்ந்து,
பட்டியல் முழுதாய், பொத்தான் அதன் இடத்தில்.
கனி போனை வைக்கவேயில்லை,
குறட்டை மட்டும் வந்தது.

அப்போதுதான் மேடையேறிய கன்னியப்பன்
நிலக்கரி படிந்த கையை ஜன்னலில் வைத்து,
"நம்பரு எங்க போச்சு மேடம்?" என்றார்.
இதான் சரியான அளவு என்றேன்.
"போன நடையில சீட்ல உக்காந்தே படிச்சனே.
இருபத்தாறு நானூறு.
பதினோரு வருசமா நீங்க சொல்றதுதான் எடை,
இன்னிக்கி ஒரு தபா
நானே பாத்தேன்."

சீட்டைக் கொடுத்தேன்.
படிக்காமல் நாலாக மடித்து
எப்போதும்போல் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த லாரி ஏறுவதற்குள்
எடைக்கு மட்டும் எழுத்தளவு தொண்ணூற்றாறு வைத்தேன்.
பட்டியலில் பாதி மறைகிறது.
காலையில் முதலாளி கேட்டால்
திரை கெட்டுப்போச்சு சார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஊக்கு மேசையில் வளைந்து கிடந்தது.
துப்பட்டா ஆறு மணி வரை
சரிந்துகொண்டே இருந்தது.